இல்லத்தில் வேலை செய்வோர்

வெரள்ளகந்த தோட்டம், மேற்பிரிவு
11 ஜூன் 2025

மதிப்புக்குரிய ஹில்மி சேர் அவர்களுக்கு,

பிள்ளைக் காம்பரா டீச்சர் கலைச்செல்வி எழுதுவது. வெள்ளத்தில் சிக்னல் கோபுரம் சாய்ந்ததில் இருந்து எங்கள் மலையில் போன் வெறும் டோர்ச் லைட்டாகத்தான் இருக்கிறது. பாதையும் உடைந்தபடியே கிடக்கிறது. தேயிலைக் கொழுந்து லொறி உடைப்புக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். இந்தப் பக்கத்தில் இருந்து சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஏற்றுகிறார்கள். அந்த லொறியில்தான் இந்தக் கடிதமும் குருவிட்ட தபால் கந்தோருக்குப் போகிறது. உங்களை வெள்ள வேலைக்குக் கேகாலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று டிரைவர் சொல்லித்தான் தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்றால் பெரிய ஆள்தான். ஆனாலும் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன எலிக்காய்ச்சல் மாத்திரை முழுவதும் கொடுத்து முடிந்தது. அன்றைக்குக் கணக்கப்பிள்ளை முன்னால் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "உங்கட ஆக்கள் மாத்திரைய வாங்கிக் கூரையில சொருகுவாங்க, வாயில போட மாட்டாங்க" என்றீர்கள். அந்தச் சொல் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. அதனால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, என் கண் முன்னால் முதல் வாரத்து மாத்திரையை விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் மற்ற வாரங்களுக்கானதைக் கையில் கொடுத்தேன். வெள்ளையம்மா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன சந்தைக்கி வந்த மாடா, பல்லப் புடிச்சிப் பாக்குற" என்று கேட்டார். ஆனால் விழுங்கினார்.

உங்கள் அறிவித்தலைப் பிள்ளைக் காம்பராக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கொழுந்துக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட வருகிற இடம், எல்லோர் கண்ணிலும் படும். உங்கள் கந்தோரில் இருந்து தமிழில் ஓர் எழுத்து இந்த மலைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மேலே இருந்த சிங்களப் பாதியை மடித்து உள்ளே தள்ளிவிட்டுத் தமிழ் மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டினேன். அது என் ஆசை. 'இல்லத்தில் வேலை செய்வோர் அனைவரும் கட்டாயம் இம்மாத்திரைகளை உட்கொள்ள வேண்டும்' என்று நான் சத்தமாக வாசித்தபோது சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடினார்கள். நல்ல தமிழ், சேர்.

ஆனால் ஒரு சண்டையும் வந்தது. கொழுந்துக்குப் போகிற பெண்கள், "சேத்துலயும் அட்டக் கடியிலயும் நிக்கிறது நாங்க, வீட்டுல ஒல வைக்கிறவளுக்கு மட்டும் எதுக்கு மாத்திர" என்று பிடித்துக்கொண்டார்கள். நாம் குடியிருக்கிற லயத்துக் கூரையில்தானே எலியும் குடியிருக்கிறது, அதனால் வீட்டோடு இருப்பவர்களைத்தான் முதலில் பிடிக்குமாக்கும் என்று நானே ஒரு விளக்கம் சொல்லி அடக்கினேன். வீட்டு வேலையோடு இருக்கிற ஒரு பெண்ணையும் விடவில்லை. அடுத்த முறை கொழுந்துப் பெண்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள். கூரையில் ஒரு மாத்திரைகூட இல்லை என்பதை நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கலைச்செல்வி


கேகாலை
14 ஜூன் 2025

கலைச்செல்வி டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றுவிட்டேன். முதலில் சொல்கிறேன், தயவு செய்து இனி ஒருவருக்கும் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். கையில் வைத்திருப்பவர்கள் போடவும் வேண்டாம்.

நான் எழுதிய இல்லம் வீடு இல்லை, டீச்சர். மாணிக்கக் குழி. இரத்தினபுரியில் எங்கள் குடும்பமே கல் வியாபாரக் குடும்பம். கல் கிடக்கிற மண்ணுக்கும் அதைத் தோண்டுகிற குழிக்கும் எங்கள் வாயில் ஒரே பெயர்தான். வாப்பா வாசலில் நின்று "இல்லம் கண்டாச்சு" என்று சொன்னால் உம்மா அன்றைக்கு வட்டிலப்பம் அவிப்பா. அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் எழுதும்போது அது மனதில் வரவே இல்லை. கந்தோரில் தமிழ் எழுத வேறு ஆள் இல்லை என்று நானே உட்கார்ந்து எழுதினேன். எலிக்காய்ச்சல் குழித் தண்ணீரிலும் வயல் சேற்றிலும் நிற்கிறவர்களைத்தான் பிடிக்கிறது. மாத்திரை அவர்களுக்காக வந்தது.

இன்னொன்றை நினைக்கத்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் எழுதவே இல்லை. குழியில் கர்ப்பிணி இறங்குவதில்லை என்பதால் எழுதத் தோன்றவில்லை. இப்போது நீங்கள் ஒரு பெண்ணையும் விடவில்லை என்று எழுதுகிறீர்கள். அதில் யாராவது கர்ப்பமாக இருந்தால் உடனே சுமைரா மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர் அவர்தானே. நான் குருவிட்டக் கந்தோருக்குப் போன் பண்ணி, எனக்குப் பதிலாக வந்திருப்பவரிடமும் கதைத்தேன். அவர் உடைப்பு வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாராம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மேலே சிங்களத்தில் தெளிவாக இருந்ததை ஏன் மடித்து உள்ளே தள்ளினீர்கள்? உங்களுக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும். கீழே ஓடைப் பக்கம் குழி இருக்கிறது என்பதும், அதில் உங்கள் லயத்து ஆட்கள் இறங்குகிறார்கள் என்பதும் எனக்கே அரசல் புரசலாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மிச்ச மாத்திரைகளைத் திருப்பி வாங்கி அவர்களுக்குக் கொடுங்கள்.

ஹில்மி


வெரள்ளகந்த, மேற்பிரிவு
16 ஜூன் 2025

ஹில்மி சேருக்கு,

இல்லம் என்றால் வீடு. கல்யாணப் பத்திரிகையில் மணமகன் இல்லம், மணமகள் இல்லம் என்று போடுகிறார்களே, அங்கே எல்லாம் குழியா தோண்டி வைத்திருக்கிறார்கள்? எங்கள் லயத்தில் குழியைக் கல்லுக்குழி என்றுதான் சொல்லுவார்கள். உங்கள் வீட்டில் வட்டிலப்பம் அவித்த சொல்லை எங்கள் கதவில் ஒட்டிவிட்டு, ஏன் மடித்தாய் என்று என்னைக் கேட்கிறீர்கள். தமிழில் ஒன்று வந்ததே என்று சந்தோசப்பட்டேன். அதுதான் நான் செய்த பிழை.

ஷாமிளா ஐந்து மாதம். வெள்ளையம்மா அக்காவின் மருமகள். வீட்டோடு இருக்கிறாள் என்று நானே கூப்பிட்டு, நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, நானே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்ததும் லயத்தில் அவள் காம்பராவுக்குப் போனேன். விசயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையம்மா அக்கா என்னை ஒன்றும் திட்டவில்லை. கதவைச் சாத்தினார். அது திட்டியதைவிட மோசம். உடைப்பைத் தாண்டி நடந்து போய் சுமைரா மிஸ்ஸியைப் பிடித்து வந்தேன். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். உங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு பதில் எழுதுங்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழி விசயம். நீங்கள் சொல்லுவது சுலபம். அந்தக் குழி தோட்டத்துக் காணியில், பெமிட் இல்லாமல் தோண்டியது. போன வருசம் பிடிபட்ட இரண்டு பேரின் பேரை வேலைப் பதிவில் இருந்து வெட்டி, குடியிருந்த காம்பராவில் இருந்தும் கிளப்பினார்கள். அதற்குப் பிறகு யாரைக் கேட்டாலும், கல்லுக்குழியா, அது எந்தப் பக்கம் என்று நம்மிடமே வழி கேட்பார்கள். ஷாமிளாவின் மாமனார் இருளப்பன் அண்ணன்தான் அதற்குத் தலைவர் என்று ஊருக்கே தெரியும். அவரிடம் போய் மாத்திரையை நீட்டினேன். "எனக்கெதுக்கு? நான் வீட்டுல வேல செய்யிறவனா?" என்று நான் வாசித்த அறிவித்தலையே எனக்குத் திருப்பிப் படித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மாத்திரையை வாங்கினால் குழியில் இறங்குவதாக ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். பெயர்களை எழுதச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள்.

சும்மா ஒன்று கேட்கிறேன். ஒரு ஆளுக்குக் காய்ச்சல் வந்து, அடுத்த நாள் கெண்டைக்கால் தொட முடியாத அளவுக்கு வலித்து, கண்ணும் சிவந்திருந்தால் அது வெறும் சளித் தடிமனாகவும் இருக்கலாம்தானே?

கலைச்செல்வி


கேகாலை பஸ் நிலையம்
18 ஜூன் 2025

டீச்சர்,

நீங்கள் சும்மா கேட்கிறவர் இல்லை.

அது தடிமன் இல்லை. ஆள் யாராக இருந்தாலும் உடனே இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சலம் போவது குறைந்திருந்தால் ஒரு பகலைக்கூடத் தாமதிக்க வேண்டாம். இந்தக் காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும். அம்பியூலன்ஸை உடைப்பு வரைக்கும் வரச் சொல்லிப் போன் பண்ண என்னால் முடியும், ஆனால் யாருக்கு, எந்த லயம் என்று கேட்கிறார்கள். பெயர் தெரியாமல் எப்படிச் சொல்வது? கோபத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட அந்தப் பெயரை நினைத்துக்கொண்டே காலையில் இருந்து இந்த பஸ் நிலையத்தில் நடந்துகொண்டிருக்கிறேன். லீவு கேட்டேன், இங்கே டெங்குவும் தொடங்கிவிட்டது என்று தரவில்லை. இதை இரத்தினபுரி பஸ் கொண்டக்டரிடம் கொடுக்கிறேன். குருவிட்டச் சந்தியில் உங்கள் லொறி டிரைவரின் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஷாமிளா விசயம் டாக்டரிடம் கேட்டேன். ஒரு தடவை போட்டதில் பயப்படும்படி ஒன்றும் வராது, இனிமேல் போடக்கூடாது, கிளினிக்கில் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இதை அந்தப் பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லுங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்.

அறிவித்தலில் பிழை என்னுடையது. அதை எழுதியவன் நான். போன கடிதத்தில் உங்கள் மேல் போட்டது சரியில்லை.

ஆஸ்பத்திரியில் எங்கே தண்ணீரில் இறங்கினார் என்று கேட்பார்கள். பொலிசுக்குச் சொல்வதற்காக இல்லை, வைத்தியத்துக்காக. பயந்து ஆளை மறைத்து வைக்காதீர்கள்.

ஹில்மி


இரத்தினபுரி ஆஸ்பத்திரி
20 ஜூன் 2025

ஹில்மி சேருக்கு,

அது என் வீட்டுக்காரர், யோகராஜ். நீங்கள் எப்போதோ ஊகித்திருப்பீர்கள்.

இங்கே போன் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். இதைக் குரலில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் தாள் வாங்கி எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சலம் போகவே இல்லை. ஆஸ்பத்திரி என்றதும், "எந்தத் தண்ணியில எறங்குனனு கேப்பாங்க. சொன்னா காம்பரா போயிரும். நீ வெளிய போ" என்றார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். நான் லயத்து முற்றத்தில் போய் நின்று, யாராவது வந்து தூக்குங்கள் என்று கத்தினேன். முதலில் வந்தது இருளப்பன் அண்ணன்தான். பிறகு இன்னும் மூன்று பேர். கம்பளியில் போட்டு உடைப்பு வரைக்கும் தூக்கினார்கள். மழை. சேற்றில் இரண்டு தடவை சறுக்கி, இரண்டு தடவையும் அவரைக் கீழே விடாமல் முட்டி போட்டு நின்றார்கள். அந்தப் பக்கம் நின்ற கொழுந்து லொறியில் ஏற்றித்தான் இங்கே வந்தோம். தூக்கியவர்கள் அத்தனை பேரும் அவரோடு குழியில் இறங்குகிறவர்கள். ஒருவரும் மாத்திரை போட்டவர் இல்லை.

இப்போது மெசினில் வைத்து இரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள். பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொல்லவில்லை, பார்ப்போம் என்றுதான் சொல்லுகிறார். சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் அந்தப் 'பார்ப்போம்' ஒன்றுதான்.

எந்தத் தண்ணீர் என்று டாக்டர் கேட்டார். வெள்ளத் தண்ணீரில் நடந்தார் என்று சொல்லிவிட்டேன். மயக்கத்துக்குப் போகும் முன் அவர் என் கையைப் பிடித்து, குழி என்று வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். பொய் சொல்லும்போது எனக்கு நாக்குத் தடுமாறவில்லை. அதை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது.

இந்த நோய் வந்தால் உங்கள் கந்தோருக்குத் தகவல் வரும், நீங்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பீர்கள், எங்கே தொற்றியது என்று அறிக்கை எழுதுவீர்கள், அது தோட்டத்துக்கும் போகும் என்று இங்கே ஒரு நேர்ஸ் சொன்னார். சேர், நீங்களும் வெள்ளத் தண்ணீர் என்றே எழுதுங்கள். நான் உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. அவர் பிழைத்து வரும்போது படுக்க ஒரு காம்பரா வேண்டும்.

கலைச்செல்வி


கேகாலை
22 ஜூன் 2025

கலைச்செல்வி டீச்சருக்கு,

எழுதிக் கேட்டீர்கள், எழுதியே சொல்கிறேன். நானும் போனை எடுத்து வைத்துவிட்டேன். யோகராஜுக்காக துஆ செய்கிறேன். உம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை நான் குருவிட்டவுக்குத் திரும்புகிறேன். விசாரணை என்னிடம்தான் வரும். வெள்ளத் தண்ணீர் என்று எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். மேலே ஒருவரும் மறுத்துக் கேட்கமாட்டார்கள். நேற்று எழுதவும் உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் இன்றைக்கு உங்களுக்குச் சந்தோசமாக ஒரு கடிதம் வந்திருக்கும்.

ஆனால் இதைக் கேளுங்கள். வெள்ளத்துக்கென்று வந்த மாத்திரை இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு குழி இருக்கிற இடம் என்று அறிவித்த பகுதிகளுக்கு மட்டும்தான் வாராவாரம் தருவார்கள். வெள்ளத் தண்ணீர் என்று எழுதினால் உங்கள் மலையில் குழியே இல்லை என்று ஆகிவிடும். குழி இல்லாத மலைக்கு மாத்திரை இல்லை. யோகராஜைக் கம்பளியில் தூக்கினவர்கள் நாளைக்கும் அதே தண்ணீரில் இறங்குவார்கள். அவர்களை யார் தூக்குவது?

பெரிய நியாயம் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். உங்கள் காம்பரா போனால் நான் வந்து ஒரு கூரை போட்டுத் தரப் போவதில்லை. என் சம்பளம் மாதம் முடிய வரும். இது எனக்குத் தெரிகிறது, அதனால்தான் தூக்கம் வரவில்லை. குழி என்று எழுதினால் உங்களை நானே வெளியே தள்ளின மாதிரி. எழுதாவிட்டால் இருளப்பனை நானே குழிக்குள் தள்ளின மாதிரி. இரண்டில் எதைச் செய்தாலும் உங்கள் முகத்தில் முழிக்க முடியாது.

நான் ஒன்றும் எழுதாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் டாக்டரிடம் சொன்னது பொய் என்று எனக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அதை எடுத்து உங்களுக்கு எதிராக எழுதமாட்டேன். ஆனால் பொய் என்று தெரிந்துகொண்டே பொய்யையும் எழுத என் கை வரவில்லை. வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் கண் விழித்துச் சொல்லும் வரைக்கும், என்னால் முடிந்த அளவு இழுத்துப் பிடிக்கிறேன். அதிக நாள் முடியாது.

ஹில்மி


வெரள்ளகந்த, மேற்பிரிவு
29 ஜூன் 2025

ஹில்மி சேருக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உங்களை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். எழுதுவதென்றால் எழுத வேண்டும், விடுவதென்றால் விட வேண்டும். எழுதாமல் வைத்திருக்கிறேன் என்று என் தலையில் தூக்கி வைத்துவிட்டுப் போனீர்கள். வார்டு வாசலில் உட்கார்ந்து மூன்று நாள் அதைச் சுமந்தேன். அவர் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார், கேட்கிற நிலைமையில் இல்லை. மாற்றுத் துணி எடுக்க மலைக்கு வந்தபோது, இருளப்பன் அண்ணன் ஓடைப் பக்கம் இருந்து ஈரக் காலோடு ஏறி வருவதைக் கண்டேன். என்னைக் கண்டதும் குனிந்துகொண்டார். அப்போது எனக்குக் காம்பரா நினைவு வரவில்லை. கம்பளியின் நாலு முனைதான் நினைவு வந்தது.

அடுத்த நாள் காலை பெரட்டுக் களத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் போய் நின்றேன். இதற்கு முன் அந்தக் களத்தில் நான் வாயைத் திறந்ததே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு வெள்ளத் தண்ணியில நடக்கல. கீழ ஓடையில கல்லுக்குழியில எறங்குனாரு. நான் டாக்டருகிட்ட பொய் சொன்னேன், இனிமே சொல்ல மாட்டேன். அவரோட எறங்குனவங்க மாத்திர போடலேன்னா பக்கத்துக் கட்டிலு ஒங்களுக்குத்தான்" என்றேன். வேறு ஒருவர் பெயரையும் சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை மலைக்குப் போங்கள் என்று விரட்டினார். அப்போது வெள்ளையம்மா அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்று கதவைச் சாத்தியதில் இருந்து என்னோடு பேசாதவர். மடியை அவிழ்த்து, நான் கொடுத்திருந்த மாத்திரையை எடுத்து, இருளப்பன் அண்ணன் முன்னால் போய் நின்று, "வாயத் தொற" என்றார். அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "அவரப் பாக்காத. என்னயப் பாரு" என்றார் அக்கா. அவர் வாயைத் திறந்தார். விழுங்கிய பிறகு அக்கா தாடையைப் பிடித்து உள்ளே பார்த்தார். நான் அக்காவுக்குச் செய்ததை அக்கா அப்படியே தன் புருசனுக்குச் செய்தார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரியாக லயத்துக்கு ஓடி, ஜன்னலிலும் அரிசிப் பானையிலும் வைத்திருந்ததை எடுத்து வந்தார்கள். கூரையில் இருந்து எடுத்தவர்களும் உண்டு, அதை மட்டும் உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுகிற செக்ரோல் புத்தகத்தை மூடிவிட்டு, எல்லாம் முடியும் வரைக்கும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மத்தியானம் தோட்டத்துப் பெரிய துரை கூப்பிட்டார். விசாரணை முடியும் வரைக்கும் பிள்ளைக் காம்பராவைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். லயக் காம்பராவைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயம்தான், சேர். பயம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

ஷாமிளா கிளினிக்குக்குப் போய் வந்தாள். பிள்ளையின் இதயத் துடிப்பை சுமைரா மிஸ்ஸி அவளுக்குக் கேட்கக் கொடுத்தாராம். வந்ததும் என் காம்பராவுக்கு நேராக வந்து அதைத்தான் சொன்னாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு மெசினைக் கழற்றிவிட்டார்கள். சலம் போகிறது. டாக்டர் 'பார்ப்போம்' என்பதை நிறுத்திவிட்டார். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரட்டுக் களத்துக் கதை எனக்கு முன்னாலேயே அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நான் கொண்டு போன கஞ்சியைத் தொடவில்லை. நேராகவே கேட்டார்.

"ஏம் பேரச் சொல்ல ஒனக்கு யாரு சொன்னா?"

"அது ஏம் பேருக்கு முன்னால எழுதுற பேரு. எனக்கும் சொந்தம்" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவ்வளவுதான், இனி பேசமாட்டார் என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சத்தியத்தை மீறியவள்தானே, என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன். அப்போது சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இருளப்பண்ணே மாத்திர போட்டாரா?"

"போட்டாரு. அக்கா போட வச்சிருச்சி."

"சாப்புட்டுட்டுப் போடச் சொல்லு. வெறும் வயித்துல போட்டா கொமட்டும். எனக்கு இங்க குடுத்தப்ப கொமட்டுச்சி. கொமட்டுனா அவரு அடுத்த வாரம் போட மாட்டாரு."

நான் வராந்தாவுக்கு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி உள்ளே போனபோது கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். விசாரிக்க யார் வருவார் என்று கேட்டார். நீங்கள் வருவீர்கள் என்றேன். "வரச் சொல்லு. எத்தன பேரு எறங்குறோம்னு நானே சொல்றேன். மாத்திர கொறஞ்சிறக் கூடாது" என்றார்.

வாருங்கள், சேர். பாதை உடைப்பில் மரத் துண்டு போட்டிருக்கிறார்கள், நடந்து வரலாம். வரும்போது மாத்திரையோடு வாருங்கள்.

கலைச்செல்வி